மேற்கு வாசலுக்கு ஒரு மரம்

முதல் குடத்தைக் குழிக்குள் சாய்த்தபோதே அகிலாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்கும் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்குப் பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய குடும்பத்தில் பிறந்தவள். இது வேறாக இருந்தது. குழியின் அடியில், கைக்கெட்டாத ஆழத்தில், யாரோ அண்ணாந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் குடிப்பதுபோல மடக், மடக், மடக் என்று கேட்டது. குடம் காலியாகி விளிம்பில் கடைசிச் சொட்டு தொங்கியபோது அதுவும் நின்றது. கொஞ்சம் பொறுத்து, வயிறு முட்டக் குடித்தவர் விடும் பெருமூச்சைப்போல, குழிக்குள்ளிருந்து சூடான காற்று கிளம்பி அவள் முகத்தில் மோதியது. அதில் பழைய மண்பானையின் வாசனை இருந்தது.

"என்னங்க, இங்க வந்து கேளுங்களேன்."

சங்கரலிங்கம் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து குனிந்தான். குழியின் அடி எலும்பு நிறத்தில் வெளிறிக் கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் இப்போதுதான் விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

"வருஷக்கணக்கா காஞ்சு கெடந்த மண்ணு புள்ள. உள்ள கெடக்குற காத்து வெளிய வருது, வேற என்ன? நான் தெனமும் மண்ணோடதான மல்லுக்கட்டுதேன்."

அவன் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவன். மண்ணைப் பற்றி அவன் சொன்னால் அகிலா மறுத்துப் பேசுவதில்லை. வேப்பங்கன்றைக் குழிக்குள் இறக்கி, எருவும் செம்மண்ணும் கலந்து மூடி, காலால் மிதித்து இறுக்கினாள். மிதித்த இடம் லேசாக அவள் பாதத்தை உள்ளே வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. புது மண் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது பங்குனியில். அதுவரை மாடிக் குவார்ட்டர்ஸ். அவனுக்குப் பதவி உயர்வு வந்ததும் தோட்டத்தோடு தனி வீடு கிடைத்தது. தெருமுனை வீடு. சுரங்கத்துக்காரர்களுக்காகக் கட்டிய அந்த நகரியத்தில் எந்த பிளாக்குக்குப் போனாலும் வீட்டுக்கு முன்னால் மரம்தான் கண்ணில் படும். அந்தத் தெருவிலும் மாவும் வேம்பும் நாவலும் ஓட்டுக்கு மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. இவர்கள் காம்பவுண்டுக்குள் மட்டும் ஒரு புல் இல்லை. மேற்குப் பார்த்த வாசல் வேறு. உச்சி சாய்ந்ததும் வெயில் கேட்டைத் தாண்டி, வெறும் செம்மண்ணை வறுத்து, படியேறி, கதவு வழியாகக் கூடத்துக்குள் வந்து படுத்துவிடும். ஆறு வயது மகள் இளவேனில் கூடத்தைக் கடப்பதற்கு நொண்டியடித்து ஓடுவாள். ராத்திரி ஒன்பது மணிக்கும் முன்சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரனைத் தொடுவதுபோல் இருக்கும்.

"உனக்கு முன்னால இருந்தவங்களும் என்னென்னமோ வெச்சாங்க கண்ணு, ஒண்ணும் தங்கல" என்று பக்கத்து வீட்டுக் கமலா அக்கா சுவருக்கு மேலாக மோர்ச் சொம்பை நீட்டியபடி சொன்னாள். ஈரோட்டுக்காரி, தெருவில் எல்லோருக்கும் அக்கா. "கடைசியில மரமே வேண்டாம்னு விட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு, தெனமும் சாயங்காலம் குழாயப் பிடிச்சு வாசல் பூரா நனைச்சு விட்டுருவாங்க. ஒரு நாள் நிறுத்த மாட்டாங்க. ஏன் இப்பிடித் தண்ணிய வீணாக்குறீங்கன்னு கேட்டா, பழகிப்போச்சுங்கன்னு சிரிப்பாங்க."

அகிலாவுக்குத் தண்ணீரை வீணாக்குவது பிடிக்காது. தண்ணீர் அதிகம் கேட்காத, வெயிலுக்கு அஞ்சாத மரமாக ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். மந்தாரக்குப்பம் போகும் சாலையோரத்தில் பச்சை வலை கட்டி நாற்று விற்கும் செங்கமலத்திடம் போனாள். செங்கமலம் வாய் ஓயாமல் பேசுகிறவள்.

"மா, கொய்யால்லாம் கைக்கொயந்த மாதிரிங்க, எந்நேரமும் பாத்துக்கினே இருக்கணும். பூவரசு நல்லா நெயலு குடுக்கும், சின்னதுல தண்ணி கேக்கும். கொன்னை பூக்குறப்ப அயகா இருக்கும், வெயிலு காலத்துல எலையக் கொட்டிட்டு நிக்கும், அது நெயலுக்கு ஆவாது. வெயிலுக்குத் தாங்கறதுன்னா வேம்பு, இல்லாட்டி புங்கை. எது வோணும் சொல்லுங்க."

வேம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றியும், தென்னோலையைச் செருகி நிழல் கட்டியும், இலைகள் ஓரம் சுருண்டு, அப்பளம்போல மொறுமொறுத்து, ஒரு மத்தியானத்தில் எல்லாமாக உதிர்ந்தன. தண்டைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. வேரைச் சுற்றி இருந்த எருமண் திருநீறுபோலப் பொடிந்து காற்றில் பறந்தது. வேர்கள் வெள்ளையாக, நூல் நூலாக, யாரோ வாயில் போட்டுச் சப்பித் துப்பிய கரும்புச் சக்கைபோல் இருந்தன.

அடுத்து புங்கை. எந்தக் கோடையிலும் பச்சை மாறாது என்று செங்கமலம் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அதற்கு அகிலா இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மடக் மடக் சத்தம் நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் சாயங்காலம், தெருவில் சைக்கிள்கள் ஷிப்ட் முடிந்து வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, தூரத்தில் சுரங்கத்து மண்ணைச் சுமக்கும் பெல்ட்டின் இரைச்சல் ஈரத் துணியைக் கிழிப்பதுபோல விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, அவள் இடுப்பில் குடத்தோடு படியிறங்கினாள். பாதி வழிகூடப் போகவில்லை. சத்தம் ஆரம்பித்துவிட்டது. குடத்திலிருந்து ஒரு துளி விழவில்லை. பாலைக் கண்ட கன்றுக்குட்டி வெறும் வாயைச் சப்புக்கொட்டுவதுபோல, மண்ணுக்கு அடியில், அவளை நோக்கி.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அன்று இரவு சங்கரலிங்கத்திடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "வெயில் ஏறியிருக்கு. மோர் குடி" என்றான். புங்கையும் காய்ந்து போனது.

சித்திரை நடுவில் செங்கமலமே மொபெட்டில் ஒரு கன்றை வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தாள். தான் கொடுத்த செடி இரண்டும் போனதில் அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

"இது வன்னிங்க. விருத்தாசலம் கோயில்ல பாத்துருப்பீங்களே, அந்த மரம். தண்ணியே ஊத்த வோணாம். மய பேஞ்சாலும் சரி, பேயாட்டியும் சரி, அது பாட்டுக்கு நிக்கும். எங்க வெக்கறீங்க, காட்டுங்க."

செருப்பைக் கேட்டருகே கழற்றிவிட்டு வெறுங்காலோடு செம்மண்ணில் இறங்கினாள். குழிவரை வந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். வாயைத் திறந்து மூடினாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் அகிலாவுக்கே கேட்டது. செங்கமலம் கன்றை அவள் கையில் திணித்துவிட்டு, கிட்டத்தட்ட ஓடி, கேட்டுக்கு வெளியே போய் நின்றாள்.

"தண்ணி குடுக்கறீங்களா?"

ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு, மூன்றாவது சொம்பு. நெஞ்சு நனைய நனையக் குடித்தாள்.

"என்னாச்சும்மா?"

"தெரியலங்க. வெயிலு." கண்ணை எடுக்காமல் வாசலைப் பார்த்தாள். "கொயந்தய இங்க வெள்ளாட விடாதீங்க" என்று சொல்லி, மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டாள்.

சங்கரலிங்கம்தான் வன்னியை நட்டான். அது பிழைத்துக்கொண்டது.

முள்ளும் மெல்லிய தண்டும் கொசு இறகு அளவு இலைகளுமாக, வளரவும் இல்லை, வாடவும் இல்லை, வெட்டவெளியில் தனியாக நின்றது. தண்ணீர் வேண்டாத மரம். அகிலா குடம் தூக்குவதை விட்டாள். வாசலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் வாரங்கள் போயின. "பாத்தியா, மரத்தச் சரியாத் தேர்ந்தெடுத்தாப் போதும்" என்றான் அவன். அவளும் அப்படித்தான் ஆறுதல்பட்டாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் தண்ணீர் குறையத் தொடங்கியது.

முதலில் சன்னலில் மணி பிளாண்ட் வைத்திருந்த பாட்டில். நிரப்பி வைத்தது மறுநாள் வெறும் பாட்டிலாக நின்றது. வாசலுக்கு நேராகக் கட்டிய கொடியில் போட்ட ஈரச் சேலை, கிளிப்பைக் குத்தித் திரும்புவதற்குள் அட்டைபோல விறைத்துக்கொண்டது. பிறகு பூஜை அலமாரியில் வைத்த சொம்பு. உள்ளே சுண்ணாம்பு வளையம் மட்டும் இருந்தது. பிறகு அடுப்படியில், மூடி வைத்த பாத்திரத்தில், ஊறப்போட்ட அரிசி. தட்டைத் திறந்தபோது அரிசி மூட்டையிலிருந்து அப்போதுதான் அள்ளியதுபோலக் கலகலவென்று உருண்டது. முன்வாசலில் ஆரம்பித்து ஒவ்வோர் அறையாக அது உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பது அகிலாவுக்குப் புரிந்தபோது அவள் கையில் அந்த அரிசி இருந்தது. விரலிடுக்கு வழியாக அது வழிந்து விழுந்துகொண்டே இருந்தது.

மூன்று பேருக்கும் தாகம் தணியவில்லை. சங்கரலிங்கத்தின் கீழுதடு நடுவில் பிளந்தது. அவன் குளித்துவிட்டு வந்தால் துண்டு தேவைப்படவில்லை. பல்லி ஒன்று கூடத்துச் சுவரிலேயே, கால்களை விரித்தபடி, காகிதமாகி ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றால் தொட்டாள். தூளாக விழுந்தது.

தெருவில் திரியும் செவலை நாய் ஒன்று பகலில் காம்பவுண்டுக்குள் வந்து, சுவரோரம் இருக்கும் கீற்று நிழலில் படுக்கும். ஒரு நாள் அழைத்தும் அது எழவில்லை. விளக்குமாற்றுக் கட்டையால் மெல்லத் தள்ளினாள். அது நகர்ந்தது. ஒரு பெரிய நாய், காய்ந்த தேங்காய் மட்டைபோலச் சரசரவென்று மண்ணில் வழுக்கிக்கொண்டு போனது. கண் இருந்த இடத்தில் இரண்டு உலர்திராட்சைகள். ஈ ஒன்றுகூட இல்லை. ஈக்கு வேண்டியது எதுவும் அதில் மிஞ்சவில்லை.

"அக்னி நட்சத்திரம்" என்றான் சங்கரலிங்கம், நாயை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனபடி. ஆனால் அதன் எடையைக் கையில் உணர்ந்தபோது அவன் முகம் மாறியதை அகிலா பார்த்தாள்.

பள்ளி விடுமுறை. கமலா அக்கா மகன் வீட்டுக்கு ஈரோடு போய்விட்டாள். தெருவே உள்ளே அடங்கிக் கிடக்கும் ஒரு மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே அகிலா கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. முன்கதவு திறந்திருந்தது. வெளியே வெள்ளை வெளேரென்று வெயில். அதன் நடுவில், வன்னிக்கு முன்னால், இளவேனில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. தோள்கள் குலுங்கின.

ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தை அழுதுகொண்டிருந்தாள். வலித்து அழும் அழுகை இல்லை அது. பாடம் ஒப்பிப்பதுபோலக் கவனமாக, கண்ணீர் கன்னத்தில் வழிந்து வீணாகாமல் நேரே மண்ணில் விழும்படி முகத்தைச் சாய்த்துக்கொண்டு அழுதிருக்கிறாள். விழுந்த இடத்தில் ஈரம் இல்லை.

"என்னடி பண்ற இங்க?"

"அதுக்குத் தாகமா இருக்காம்மா."

"எதுக்கு? மரத்துக்கா?"

இளவேனில் தலையை ஆட்டினாள், இல்லை என்று. விரலால் மண்ணைக் காட்டினாள். "குழாத் தண்ணி இனிமே வேண்டாமாம்."

அகிலா குழந்தையைப் படுக்கையறையில் விட்டுவிட்டு, குளியலறை டிரம்மிலிருந்து பக்கெட் பக்கெட்டாக மொண்டு வந்து வன்னியைச் சுற்றிக் கொட்டினாள். எடுத்துக்கொள், எடுத்துக்கொண்டு எங்களை விடு. டிரம் காலியாகும்வரை இறைத்தாள். சத்தம் வரவில்லை. தண்ணீர் இறங்கவே இல்லை. வறண்டு வெடித்த செம்மண்ணின் மேல், கண்ணாடி வைத்ததுபோல, அப்படியே நின்றது. மாலையிலும் நின்றது. மறுநாள் வெயிலிலும் ஒரு விரற்கடை வற்றாமல் நின்றது. தீண்டாமல் ஒதுக்கிவைத்த தட்டுபோல.

அன்றே முடிவு செய்துவிட்டாள். பொள்ளாச்சிக்குப் போவது. வீட்டை மாற்றித் தருவார்களா, கேட்டுப் பார்ப்பது. இல்லாவிட்டால் மந்தாரக்குப்பத்தில் எங்காவது வாடகைக்கு. சங்கரலிங்கம் வாதாடுவான் என்று நினைத்திருந்தாள். அவன் பிளந்த உதட்டைத் தொட்டுக்கொண்டு, தேங்கி நின்ற தண்ணீரையே பார்த்தான்.

"நாளைக்குக் காலை ஷிப்ட் போயிட்டு லீவு சொல்லிட்டு வந்துருதேன். சாயங்காலம் பஸ் ஏறிருவோம்" என்றான். பிறகு, மெல்ல: "அந்த நாயி ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்ல புள்ள."

மறுநாள் அவள் முன்கதவைத் தாழிட்டு, தாழுக்குக் கீழே நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். துணிகளைப் பையில் அடைத்தாள். குழந்தையைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டாள். பின்கட்டிலிருந்து எடுத்த தண்ணீரில் சமைத்தாள், இருவரும் அங்கேயே சாப்பிட்டார்கள். மத்தியானம் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் தெருவில் அவன் பைக்கின் சத்தம்.

சன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே தள்ளினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டை முதுகோடு பிடித்துக்கொண்டிருந்தது. சுரங்கத்து வெக்கையில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வந்த வியர்வை, கழுத்து வழியாக, முழங்கை வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

"பின்பக்கமா வாங்க!" என்று கத்தினாள். "பின்பக்கமா!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தான். திரும்பினான். இரண்டடி வைத்தான். நின்றான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல வன்னிப் பக்கம் பார்த்தான்.

தேங்கி நின்ற தண்ணீர் இப்போது இல்லை. எப்போது போனது? காலையில் இருந்தது.

அவன் அருகில் போய்க் குனிந்தான். மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி வியர்வை விழுந்தது.

காற்று இல்லை. தெருவில் எந்த இலையும் ஆடவில்லை. வன்னி மட்டும் அடியிலிருந்து நுனிவரை நடுங்கியது.

"வாங்க! என்னங்க, வாங்க!"

ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினான். முட்டி போட்டான். காதை மண்ணுக்குக் கொண்டுபோனான். நெடுநேரம் கேட்டான். பிறகு வலது கையை மண்ணில் ஊன்றினான். மண் வழிவிட்டது. மணிக்கட்டு உள்ளே போனது. முழங்கை போனது.

"இளா, இங்கயே இரு. என்ன ஆனாலும் வெளிய வராத. கேட்டுதா? இங்கயே இரு!"

நாற்காலியைத் தள்ளினாள். தாழை இழுத்தாள். ஓடினாள். உள்ளங்கால் வெந்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை.

அவன் அப்படியே வந்தான். அவள் மல்லாந்து விழுந்தாள். மடியில் அவன் விழுந்தான். சட்டை விழுந்ததுபோல் இருந்தது. முகத்தைத் திருப்பினாள். தோல் எலும்பின் மேல் இழுத்துக் கட்டியதாக இருந்தது. உதடு பின்னுக்குப் போய்ப் பல் தெரிந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. அவளைப் பார்த்தன. அவளை அடையாளம் தெரிந்துகொண்டன.

உயிர் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. உயிர் இருந்தது.

மண்ணுக்குள் போன கை மட்டும், தோளிலிருந்து கயிறுபோல நீண்டு, இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்தது. மற்றக் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. சுள்ளி விரல்கள். பிரிக்கப் பார்த்தாள். இறுகின. அவன் பற்றவில்லை என்று அவன் கண்கள் சொல்லின. அவன் இல்லை. வேறு எதுவோ அந்தக் கையைப் பற்ற வைக்கிறது.

அவள் நெற்றியில் வியர்த்தது. வியர்த்த உடனே உலர்ந்தது. மீண்டும் வியர்த்தது. உலர்ந்தது.

தலைக்கு மேலே ஒரு சரசரப்பு. நெல்லை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல. நிமிர்ந்து பார்த்தாள். வன்னி இலை விட்டுக்கொண்டிருந்தது. தண்டு பருத்துப் பட்டை வெடித்து, வெடித்த இடமெல்லாம் கிளை, கிளையெல்லாம் பச்சை. அவள் இடுப்புயரம் இருந்தது, ஆள் உயரம் ஆனது, ஓட்டின் உயரம் ஆனது. ஈரப் பச்சை. இலை நுனிகளில் துளித் துளியாக நீர் கோத்து நின்றது.

வெயில் மறைந்தது. நிழல் அவர்கள் மேல் விழுந்தது.

குளிர்ந்தது. கிணற்றடியில் உட்கார்ந்தால் வரும் குளிர். இத்தனை மாத வெக்கையும் உடம்பிலிருந்து ஒரே மூச்சில் இறங்கியது. அவளையும் மீறி, ஒரே ஒரு கணம், கண்ணை மூடினாள். சுகமாக இருந்தது.

திறந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

எவ்வளவு நேரம் போனது? சூரியன் தெருமுனைக்கு இறங்கியிருந்தது. எழ முயன்றாள். கால்கள் அசையவில்லை. தன் கையைப் பார்த்தாள். வளையல் முழங்கைவரை தானாக வழுக்கியிருந்தது. கையில் நரம்புகள் கயிறு கயிறாகத் தெரிந்தன. மடியில் சங்கரலிங்கத்தின் கண்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் பார்த்தாள்.

மரத்தின் நிழல் நீண்டுகொண்டிருந்தது. செம்மண்ணைக் கடந்துவிட்டது. முதல் படியில் ஏறியிருந்தது.

திறந்து கிடந்த வாசலில் இளவேனில் நின்றாள். கையில் கண்ணாடி டம்ளர். நிறையத் தண்ணீர். ததும்பாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தண்ணி."

உள்ளே போ. பின்பக்கமாக ஓடு. அகிலா கத்தினாள். வாய் திறந்தது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு பெயர மறுத்தது. தொண்டையில் மூச்சு உரசியது. அவ்வளவுதான். கையை அசைத்தாள். போ என்று. குழந்தைக்கு அது வா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இளவேனில் காலைத் தூக்கி, மேல் படியின் சூடான சிமெண்டைப் பெருவிரலால் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கினாள். சுட்டது. நின்றாள். காத்திருந்தாள்.

நிழல் இரண்டாம் படி ஏறியது. மூன்றாம் படி. இலைகளின் நிழல், விரல் விரலாக, நிலைப்படியைத் தொட்டது.

குழந்தை ஒரு காலை அதில் வைத்தாள். முகம் மலர்ந்தது.

"ஜில்லுனு இருக்கும்மா."

மற்றக் காலையும் வைத்தாள்.

டம்ளரில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. யாரும் குடிக்கவில்லை. அது பாட்டுக்குக் குறைந்தது. பாதி. கால். அடியில் ஒரு வளையம். இளவேனில் வெறும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு படி இறங்கினாள்.